ஆசையம்மா பார்த்துத் தந்த குளிசை

என் ஆசையம்மாவின் கையால் நான் ஒருநாளும் முழுத் தேத்தண்ணி குடித்ததில்லை. எப்போதும் ஒரு வாய் குறைந்துதான் வரும். தம்ளரை என் கைக்குக் கிட்டே கொண்டுவருவார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலத் தன் வாய்க்குக் கொண்டுபோவார்.

"பொறு, பாத்திட்டுத் தாறன்."

ஒரு வாய் உறிஞ்சுவார். உடனே தரவும் மாட்டார். ஒரு கையை எங்களை மறிப்பதுபோல உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே போன தேத்தண்ணி என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார் போலிருக்கும். அது நல்லதாகச் சொன்னால் "ம், குடி" என்பார். அதற்குள் ஆறிப்போயிருக்கும். அந்தத் தேத்தண்ணியைப் போட்டவரும் அவரேதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தன் கையையே நம்பாத மனுசி அவர்.

ஆசையம்மா என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் நயினாதீவில் அவரை அறியாத கடைக்காரர் இல்லை. விசுக்கோத்துப் பெட்டியில் அடித்திருக்கும் முடிவுத் திகதியை எச்சில் விரலால் தேய்த்துப் பார்ப்பார். அழிந்தால் கடைக்காரர் தொலைந்தார். அழியாவிட்டால் "நல்ல மையாய்ப் பாத்து அடிச்சிருக்கிறான்" என்பார். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால், காட்டாத மீனைக் கேட்பார். குறிகட்டுவானுக்குப் போகும் வள்ளத்தில் ஏறுமுன் ஓட்டியைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே நிறுத்துவார்.

"தம்பி, ஒருக்கா ஊது பாப்பம்."

"அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளியில நான் தொடுறேல்லை."

"அப்ப மற்ற நாளில தொடுவாய்?"

அந்த மனிதர் பாவம், வள்ளம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஊதிக் காட்டுவார். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பும் சொக்லேற்றில் முதல் துண்டு ஆசையம்மாவுக்கு. அவருக்கு இனிப்புப் பிடிக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றுவிட்டுச் சுவரைப் பார்ப்பார். நாங்கள் எச்சில் ஊறக் காத்திருப்போம்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கெட்டுப்போன மாவைத் தின்று யாருக்கோ ஏதோ நடந்தது என்றார்கள் சிலர். கலியாணம் முடித்துப் போன வீட்டில் ஏதோ நடந்தது என்றார்கள் வேறு சிலர். நான் அவரிடமே கேட்டேன்.

"ஏன் கேக்கிறாய்?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மா ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஆர் கேக்கச் சொன்னது?"

அதோடு விட்டுவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது நடந்த பொங்கல் கதையைச் சொன்னால் ஆள் பிடிபடும். அம்மன் கோயில் வீதியில் பொங்கிப் படைக்கிற நாள். படையலுக்கு வைக்கிறதை முன்னதாக ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புச் சரியா என்று பார்க்கவும் கூடாது. அம்மா வாழையிலையை விரித்துக்கொண்டு திரும்புகிறார், ஆசையம்மா பானையில் கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கையை உயர்த்தியபடி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அடியே, படைக்க முதல் வாய் வைக்கிறதோ? உனக்கென்ன விசரோ?"

"நான் சாப்பிடேல்லை அக்கா. பாத்தனான்."

"வாய்க்குள்ளதானே போட்டனீ?"

"பாத்தது வேற, சாப்பிட்டது வேற. என்னெண்டு தெரியாத ஒண்டை அம்மாளாச்சிக்கு வைக்கிறதே?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி அரிசி கழுவப் போனார். ஆசையம்மாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. கந்தசஷ்டி விரதத்திலும் கறியை இப்படித்தான் பார்ப்பார். விரதம் முறிந்ததாக அவர் கணக்கு வைப்பதில்லை. பார்ப்பது அவரைப் பொறுத்தவரை விழுங்குவதில் சேராது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். ஒருநாள் இதனால் அவர் உயிர் போகப் பார்த்தது.

எனக்குப் பிள்ளை பிறக்கிற நேரம் அம்மா அண்ணாவோடு கனடாவில் இருந்தார். முழங்கால் வருத்தம், விமானம் ஏற முடியாது. என் கணவருக்குத் தெற்கே கடை. எங்கள் தீவு ஆட்களில் பாதிப்பேரைப் போல, பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் கடையைத் திறந்தாக வேண்டியவர். ஆகவே என்னைப் பார்க்க ஆசையம்மா வந்தார். என்னைப் பார்க்க வந்தார் என்பதை விட, என்னைச் சுற்றியுள்ளவர்களைப் பார்க்க வந்தார் என்பது சரி.

பிள்ளை கடைசிவரை குறுக்கேதான் கிடந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைப்போம் என்றார் மயக்கமருந்து டொக்டர். அந்த ஊசியோடு இன்னொரு மருந்தையும் சொட்டாகச் சேர்ப்பார்களாம். அது அடுத்த நாள் வரை நோவைக் கிட்டே வரவிடாது, கொஞ்சம் அரிக்கும், பயப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. ஆசையம்மா பார்க்க வந்தபோது நான் மூக்கைச் சொறிந்துகொண்டு சிரித்தபடி கிடந்தேன்.

"ஏன் சிரிக்கிறாய்?"

"நோ இல்லை ஆசையம்மா."

"வயித்தை வெட்டியிருக்கு. நோ இல்லையோ?"

"இல்லை."

"மூக்கை ஏன் சொறியிறாய்?"

"அந்த மருந்துக்கு அப்பிடித்தானாம்."

சேலைன் போத்தலை நிமிர்ந்து பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். "உனக்கு என்னத்தையோ ஏத்திப்போட்டாங்கள்" என்றார் மெல்ல.

பக்கத்துக் கட்டிலில் வேலணைப் பெண் ஒருத்தி. அவளுக்கு முதுகு ஊசி சரிவராமல் முழு மயக்கம் கொடுத்து வெட்டியிருந்தார்கள். கண் விழித்ததிலிருந்து முனகிக்கொண்டே கிடந்தாள். அடிக்கடி ஊசி போட்டார்கள். ஆசையம்மா கதிரையை இழுத்துக்கொண்டு அவளிடம் விசாரணைக்குப் போய்விட்டார்.

"பிள்ளை, உமக்கு ஊசி போட்டால் என்ன செய்யுது?"

"நோ குறையுது. ஆனால் நித்திரை தூக்குது அன்ரி. பிள்ளை அழுறதும் தெரியுதில்லை."

"பிறகு?"

"பிறகு திரும்ப நோகுது."

ஆசையம்மா திருப்தியோடு திரும்பி வந்தார். "அவளுக்கு நோகுது. நோகுது எண்டு சொல்லுறாள். அதை நம்பலாம். உன்னைத்தான் எனக்கு நம்பேலாமல் கிடக்கு" என்றார். நோ என்பது வளவுக்குள் கட்டிப்போட்ட நாய், அதன் வாயைக் கட்டிவிட்டால் கள்ளன் வருவது எப்படித் தெரியும் என்பது அவருடைய நியாயம். நேர்ஸ் மிஸ் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அம்மா, நோ இல்லாட்டித்தான் இவ எழும்பி நடப்பா. எழும்பி இருந்தால்தான் பிள்ளைக்குப் பால் குடுப்பா."

முதுகு ஊசியின் வேலை முடிகிற நேரம் மிஸ் வேறு ஒரு மருந்து கொண்டுவந்தார். மெழுகுதிரித் துண்டுபோல வழுவழுவென்றிருந்தது. ஆசையம்மா வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"தாங்கோ மிஸ், நான் ஒருக்காப் பாத்திட்டு..."

"ஐயோ அம்மா! இது வாயால போடுறதில்லை, பின்பக்கத்தால வைக்கிறது!"

வாட்டில் கிடந்த எல்லோருமே சிரித்தார்கள். முனகிக் கிடந்த வேலணைப் பெண்ணும் சிரித்து, சிரிப்பு வெட்டில் இழுக்க, "அம்மா" என்று கத்தினாள். எனக்கும் உயிர் போனது. மிஸ் ஓடிவந்து எங்கள் இரண்டு பேர் வயிற்றிலும் தலையணையை வைத்து அமர்த்தி, "சிரிக்கிறதெண்டாலும் இருமுறதெண்டாலும் இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு சிரியுங்கோ" என்றார். அந்தத் தலையணைதான் நான் கண்ட மருந்துகளில் ஆசையம்மா சந்தேகப்படாத ஒரே மருந்து.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ் இரண்டு வகைக் குளிசை தந்தார். வெள்ளை பனடோல். மற்றது சிறிய மஞ்சள் குளிசை, கொஞ்சம் வலுவானது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும், நோ வந்த பிறகு தேடிப் போடக்கூடாது, நேரத்துக்கு நேரம் போட வேண்டும் என்றார்.

"தொய்வு இருக்கோ? மூச்சு முட்டுறது, இழுக்கிறது அப்பிடி ஏதும்? வயித்துப்புண்?"

"இல்லை மிஸ்" என்றேன்.

எனக்கு இல்லைதான். எனக்குப் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆசையம்மாவுக்கு இளவயதிலிருந்தே தொய்வு. மாரிக்குளிரில் இரவெல்லாம் கதிரையில் குந்தியிருந்து மூச்சு இழுப்பார். ஆனால் குளிசை எனக்கு. கேள்வியும் எனக்கு. அவரை மிஸ் ஏன் கேட்க வேண்டும்? வெளியே வந்ததும் ஆசையம்மாதான் கேட்டார்: "உதெல்லாத்தையும் ஏன் கேக்கிறாள்? ஆரிட்டைச் சொல்லப் போறாள்? அதோட, நோ வர முதலே ஏன் குளிசை போடுறது? வராத கள்ளனுக்கு அடிக்கிறதே?"

நாங்கள் பிடித்த வான் வண்டி மண்டைதீவு தாண்டி, வேலணை தாண்டி, குறிகட்டுவான் வரை ஓடியது. றோட்டில் எந்தெந்த இடத்தில் பள்ளம் என்பதை என் வெட்டு இன்றும் சொல்லும். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். அந்த நிலையிலும் ஆசையம்மா ஓட்டியை ஊதச் சொல்ல மறக்கவில்லை. கடல் அன்று கொஞ்சம் கொந்தளிப்பு. ஒவ்வொரு அலைக்கும் வெட்டு வாயைப் பிளக்கிறது போலிருந்தது. இந்தக் கடலை இந்த உடம்போடு இன்னொருமுறை கடக்கவே கூடாது என்று அம்மாளாச்சியை வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் ஆசையம்மாவின் ராச்சியம். வேப்பிலை, நொச்சி, பாவட்டை எல்லாம் போட்டு அவித்த தண்ணீரில் குளிப்பு. மல்லி, மிளகு என்று சரக்கு அரைத்த கறி. பால் சுரக்கச் சுறா வறை. பழைய நூல் சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி ஒரு கட்டு. கட்டு நல்லதாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எழும்பும்போது குடல் கீழே விழுந்துவிடும் என்ற பயம் போனது. முதுகுக்குச் சுடு ஒத்தடமும் சுகம். ஆனால் வெட்டு வெட்டாகவே இருந்தது. ஒத்தடத்துக்கு அங்கே வேலை இல்லை. பனடோல் நோவைக் கட்டிலின் அந்தப் பக்கம் வரை தள்ளும். அது அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் ஒரே பாய்ச்சலில் வந்துவிடும்.

"ஆசையம்மா, மஞ்சள் குளிசை எங்கை?"

"தாறன், பொறு."

"காலமையும் பொறு எண்டனீங்கள்."

"இப்ப நீ வெள்ளை போட்டனீதானே? அது வேலை செய்யட்டும்."

குளிசைகள் அவருடைய மடியில்தான் இருந்தன. மடியில் வைத்ததை அவரிடமிருந்து எடுக்கப் பொலிஸ் வந்தாலும் முடியாது.

நோவோடு நிமிர்ந்து உட்கார முடியவில்லை. உட்கார முடியாவிட்டால் பிள்ளையைச் சரியாக அணைக்க முடியவில்லை. பிள்ளை மாரைத் தேடித் தேடி அழுது, களைத்துத் தூங்கி, திரும்ப எழும்பி அழுதது. வீடு வந்து பார்த்த மிட்வைஃப் தராசில் பிள்ளையை நிறுத்தார். முகம் மாறியது.

"எடை ஏறேல்லை, இறங்கியிருக்கு. இப்பிடியே போனால் திரும்பப் பட்டணத்துக்குத்தான் அனுப்ப வேணும்."

திரும்பவும் அந்தக் கடல்.

"நோவோட கிடந்தால் பால் இறங்காது. குளிசை ரெண்டையும் ஒழுங்காய்ப் போடுறீரோ?" என்றார் மிட்வைஃப்.

நான் ஆசையம்மாவைப் பார்த்தேன். ஆசையம்மா கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளவு அக்கா அன்று பின்னேரம் கருவாடு கேட்கிற சாட்டில் வந்தார். ஆசையம்மா கிணற்றடிக்குப் போகும் வரை வேறு கதை கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதெண்டு சொல்லாதையும். உம்மட ஆசையம்மா குசினிக்குள்ள நிண்டு குளிசை விழுங்கிறா. நேற்றும் கண்டனான், இண்டைக்கும் கண்டனான். மஞ்சள் குளிசை."

"அவ ஏன் விழுங்குறா?"

"சிலபேருக்கு உது பழகிப்போடும் பிள்ளை. பிறகு விடேலாது."

சந்தேகத்தை எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை, அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அன்றிலிருந்து அவர் அறியாமல் அவரைப் பார்க்கத் தொடங்கினேன். ஆசையம்மா அதை உடனே மோப்பம் பிடித்துவிட்டார். குசினிக் கதவைச் சாத்தத் தொடங்கினார். அவர் கதவு இடுக்கால் என்னைப் பார்ப்பார், நான் அலுமாரிக் கண்ணாடியில் அவரைப் பார்ப்பேன். காலையில் அவருக்கு மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். எனக்குத் தண்ணீர் அவிக்கிற விறகுப் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஒருமுறை குளிக்கும்போது மடியை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் குளிசைத் தகட்டில் எத்தனையோ குழி வெறுமையாகக் கிடந்தது. என் வாய்க்கு அதில் ஒன்றுகூட வரவில்லை.

அடுத்த நாள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு குசினிக்குள் தகடு நெரியும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கதவைத் தள்ளினேன். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. ஆசையம்மா தண்ணீர்ச் செம்போடு, ஒரு கையை உயர்த்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர குளிசையை ஏன் போடுறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "போடேல்லை. பாத்தனான்."

"எத்தினை நாளாய்ப் பாக்கிறியள்? நான் நோவில துடிக்கிறன். பிள்ளைக்குப் பால் இல்லை. என்ர பிள்ளையைத் திரும்ப வள்ளத்தில ஏத்தப் போறாங்கள். நீங்கள் விழுங்கிப்போட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்!"

"கத்தாதை, வெட்டு விரியும். உது சரியான குளிசை இல்லை பிள்ளை. வெள்ளையைப் பாத்தன், ஒண்டும் செய்யேல்லை. அதாலதான் வெள்ளையை மட்டும் தாறன். மஞ்சள் நெஞ்சை இறுக்குது."

"ஒருக்காப் பாத்தால் காணாதோ?"

"ஒருக்காப் பாத்து ஒண்டைப் பிழை சொல்லேலுமோ? முதல் நாள் புகையாக்கும் எண்டு நினைச்சன். பிறகு சரக்குத் தூளாக்கும் எண்டு நினைச்சன். இண்டைக்கு அடுப்பு மூட்டாமல், ஒண்டும் அரைக்காமல் பாக்கிறன்."

நான் நம்பவில்லை. பழகிவிட்ட ஆட்கள் சொல்கிற கதை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். கையை நீட்டினேன். தகட்டை என் கையில் வைத்தார். குசினிப் படியில் போய்க் குந்தினார்.

கொஞ்சம் போகத்தான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் விசில் போல. பிறகு கிணற்றுக் கப்பி போல. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, ஆசையம்மா காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வளவு அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டோ பிடித்து, தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிள்ளையை நிறுக்க மிட்வைஃப் வந்து இறங்கவும் அக்காவின் போன் கோல் வரவும் சரியாக இருந்தது.

"மூச்சு மருந்து பிடிக்க மூடியை முகத்தில வைக்க விடுறா இல்லை பிள்ளை. உதுக்குள்ள என்ன புகை எண்டு கேக்கிறா. தட்டிவிடுறா. ஏதும் குளிசை போட்டனீங்களோ எண்டு டொக்டர் கேட்டவ. ஒண்டும் போடேல்லை எண்டுறா."

"போட்டவ அக்கா! மஞ்சள் குளிசை, எனக்குத் தந்த நோக் குளிசை. நாள்கணக்காய்ப் போட்டவ. டொக்டரிட்டை உடனே சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பார்த்தது வேறு, போட்டது வேறு. அந்த மனுசி யாராவது முதலில் பார்க்காத எதையும் முகத்தில் வைக்கப் போவதில்லை. மூச்சு நின்றாலும் வைக்கப் போவதில்லை. மிட்வைஃப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். நான் தலையணையைத் தூக்கிக்கொண்டேன். இன்னொரு ஓட்டோவில் ஏறினோம். அன்று காலை நான் ஒரு குளிசையும் போட்டிருக்கவில்லை. தகடு என் கையிலேயே இருந்தது. போட நினைவு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆசையம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. டொக்டர் சின்ன வயதுப் பெண். மூடியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். மூடிக்குள்ளிருந்து வெள்ளை ஆவி வீணே போய்க்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் ஆசையம்மா விரலை நீட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"நான்... போடேல்லை... பாத்தனான்."

"ஓம் ஆசையம்மா. பாத்தனீங்கள்."

டொக்டரின் கையிலிருந்த மூடியை வாங்கி என் முகத்தில் வைத்தேன்.

"என்ன செய்யுறீர்? அது அவவுக்கு!" என்று டொக்டர் பதறினார். நான் ஒரு கையை உயர்த்தி அவரை மறித்தேன். இழுத்தேன். குளிராக, கொஞ்சம் கசப்பாக உள்ளே போனது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஆசையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் நிற்கிற அளவு நேரம் நிற்க எனக்குத் துணிவு இல்லை. அவரிடம் அவ்வளவு மூச்சு இருக்கவில்லை.

"பாத்திட்டன். ஒரு பிழையும் இல்லை. பிடியுங்கோ."

என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூடியை என் கையிலிருந்து தானே வாங்கித் தன் மூக்கில் வைத்தார். அக்கா ஓவென்று அழத் தொடங்கினார்.

மூச்சு மெல்ல மெல்ல இளகியது. உதட்டில் நிறம் வந்தது. டொக்டர் ஊசியும் போட்டு, அருகே உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். தொய்வு உள்ள சிலருக்கு அந்த மஞ்சள் குளிசை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், இனி ஆயுளுக்கும் தொடக் கூடாது என்றார். பிறகு தலையணையைக் கட்டிப்பிடித்துக் கூனி நின்ற என்னைப் பார்த்தார்.

"நீர் இண்டைக்குக் குளிசை போட்டீரோ?"

"இல்லை டொக்டர்."

"ஏன்? நோவோட ஏன் நிக்கிறீர்? கையில இருக்குதானே, இப்பவே போடும்."

தகட்டை நெரித்தேன். அந்தச் சத்தத்துக்கு ஆசையம்மாவின் கை தானாக நீண்டது.

"அம்மா!" என்று டொக்டர் அந்தக் கையைப் பிடித்தார். "உங்களுக்கு உது நஞ்சு."

ஆசையம்மா மூடியைத் தூக்கினார். "நஞ்செண்டால்... இவளுக்கு ஏன் குடுக்கிறியள்?"

"உங்களுக்குத்தான் நஞ்சு. இவவுக்கு மருந்து. இவவுக்குத் தொய்வு இல்லை."

"என்ர வயித்தில பிழைச்சது... இவளின்ர வயித்தில எப்பிடிச் சரிவரும்?"

"உடம்பு வேற வேறதானே அம்மா."

ஆசையம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தோல்வியை நான் முன்னே பின்னே கண்டதில்லை. உலகத்தில் ஒருவரையும் நம்பாத மனுசி ஒன்றே ஒன்றை மட்டும் நம்பியிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் உடம்பும் என் உடம்பும் ஒன்று, தனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் எனக்கும் ஆகாது என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடமும் எனக்கு முன்னால் ஒவ்வொரு வாயையும் விழுங்கினார்.

மஞ்சள் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் சரி சொல்லாமல் நான் விழுங்கிய முதல் குளிசை அது. ஆசையம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார், நான் இப்போது விழுவேனா, இன்னும் கொஞ்சத்தில் விழுவேனா என்று. மிட்வைஃபின் கையில் பிள்ளை பாலுக்கு அழத் தொடங்கியது.

"நோ குறையுதோ?" என்றார்.

"ஓம் ஆசையம்மா. நல்லாய்க் குறையுது."

மூடிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"இப்பதானே விழுங்கினனீ. பொய் சொல்லாதை."